அட்வைஸ்னா எந்த அட்வைஸ்?

பேராண்டி, பெட்ரோல் ஸ்டேஷன்ல ரெண்டு குழாய் இருக்கும், பாத்திருப்பே. ஒண்ணு மேல 'ஆங்கின்'னு எழுதியிருக்கும். இன்னொண்ணு மேல ஏ-ஐ-ஆர்னு மூணு எழுத்து. இங்கிலீசு மட்டும் படிச்ச மேதாவி எவனாவது வந்தான்னா, இதுதானே ஏருன்னு மூணெழுத்துக் குழாயை இழுத்து டயர்ல சொருகுவான். அது தண்ணி. மலாய்ல ஆயர்னா தண்ணி, ஆங்கின்னாதான் காத்து.

நம்ம ஊரும் அதே கதைதான். அந்தக் காலத்துல ஆயர் தாவார்ல இருக்கிற ஆயருக்கு நாலு எழுத்து. 1972-ல மலாய் எழுத்துமுறையை மாத்தினப்ப அந்தச் சொல்லு மூணெழுத்தாச் சுருங்கிருச்சு. இப்போ எழுதுறவன் இஷ்டத்துக்கு அப்படியும் எழுதுறான், இப்படியும் எழுதுறான். போன்ல வழி சொல்ற பொம்பளை அதை 'ஏர் டவர்'னு வாசிச்சாலும் வாசிப்பா. கே.எல்.லேர்ந்து உன் கூட்டாளிங்க வந்தா டவர் எங்கேன்னு கேப்பாங்க. இருக்கிற டவரெல்லாம் கைப்பேசிக் கம்பெனிக்காரன் நட்டது. அதுலயும் மழை பேஞ்சா லைன் கிடையாது.

தாவார்னா என்னா? உப்பில்லாதது. கடல் பக்கம் லுமுட், பங்கோர்னு உப்புத் தண்ணியாக் கிடக்கையில இங்க நல்ல தண்ணி கிடைச்சிருக்கும், பேரு வச்சிருப்பான். ஆனா தாவார்னா சப்புன்னு இருக்கிறதுக்கும் பேரு. பாசார்ல மீன்காரங்கிட்ட விலை குறைக்கச் சொல்றதுக்கும் அதே பேரு. இப்போ உன் கையில வச்சிருக்கியே ஆஃபர் லெட்டரு, அதை மலாய்ல 'சூராட் தாவாரான்'னுவான். எல்லாம் ஒரே தாவார்தான். நமக்கு ஆஃபர்னா ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஓசி. கம்பெனிக்காரனுக்கு ஆஃபர்னா ஒரு சம்பளம் குடுத்து ரெண்டு ஆளு வேலை வாங்குறது. கடுதாசி சப்புன்னு இருந்தா பேரம் பேசு. ஆயர் தாவார்ல பொறந்தவன் பேரம் பேசாமக் கையெழுத்துப் போட்டான்னா ஊர் பேரு என்னாத்துக்கு ஆகும்?

தாத்தாவுக்கு இங்கிலீசு தெரியாதுன்னு உங்கப்பன் சொல்லுவான். சொல்லட்டும். தோட்டத்துல பொறந்தவன் இங்கிலீசு வார்த்தை இல்லாம ஒருநாள் சோறு தின்னதில்ல. என்ன, ஒவ்வொரு வார்த்தைக்கும் எங்களுக்குன்னு ஒரு அர்த்தம் இருந்துச்சு. வெளியூருக்குப் போனப்பதான் அதுக்கு வேற அர்த்தமும் இருக்குன்னு தெரிஞ்சுது.

இப்போ ட்ரெசர் இருக்காரே. எங்களுக்கு அவரு ஆஸ்பத்திரி ஐயா. புண்ணுக்குக் கட்டுப் போடுறவர்னு அந்தப் பேரு. ஆனா காய்ச்சல், வயித்துப்போக்கு, பிரசவம், குடிச்சிட்டு விழுந்தது, எல்லாத்துக்கும் தோட்டத்துல அவருதான் கடவுள். உங்க அத்தை கல்யாணத்துக்குக் கட்டில் மெத்தை வாங்க ஈப்போவுக்குப் போனோம். கடைத் தவுக்கே, பாவம், நல்ல மனுசன், 'ட்ரெசர் வேணுமா? நல்ல ட்ரெசர் இருக்கு. பெரிய கண்ணாடி, ஆறு டிராயர்'னான். உங்க பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு என்னையப் பாத்தா. கண்ணாடி போட்ட ட்ரெசரை நாங்களும் பாத்திருக்கோம். ஆறு டிராயர் போட்டவரை யாரும் பாத்ததில்ல. 'ஒண்ணு போட்டாப் போதாதா?'ன்னு கடை வாசல் அஞ்சடியில வந்து நின்னு கேக்குறா. நான் என்னாத்தச் சொல்ல?

கண்டக்டரும் அப்படித்தான். தோட்டத்துல கண்டக்டர்னா காட்டை மேற்பார்வை பாக்குறவர். தனி பங்களா, மோட்டார் சைக்கிள், முட்டிவரைக்கும் காலுறை. மண்டோரே அவரைக் கண்டா சைக்கிளை விட்டு இறங்கணும். எங்க லயத்துல ஒரு பொண்ணுக்கு 'மாப்பிள்ளை கண்டக்டர்'னு தரகர் சொன்னாரு. மறுபேச்சு பேசாமப் பாக்கு வெத்தலை மாத்தினாங்க. வந்து நின்னது சித்தியவான் பஸ்ஸுல டிக்கெட்டு கிழிக்கிறவர். ஒண்ணும் கெட்டுப் போகல. அந்தம்மா ஆயுசு பூரா ஓசியில பஸ் ஏறுச்சு.

அப்புறம் லைனு. வெள்ளைக்காரன் கூலிக்காரங்களுக்கு வரிசையா வீடு கட்டிட்டு 'லைன்ஸ்'னான். நம்ம வாயில அது லயம். இல்ல, குதிரை கட்டுற லாயத்துலேர்ந்து வந்த பேருன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அந்த வீட்டுல குடியிருந்தவன் ரெண்டையும் நம்புவான். அப்புறம் தந்திக் கம்பியும் லைன், ரயில் ரோடும் லைன், பொண்ணைப் பாத்துச் சிரிக்கிறதும் லைன். பினாங்குல 'லைன் கிளியர்'னு ஒரு நாசி கண்டார் கடை இருக்கு. பேருதான் அப்படி. பசி நேரத்துல போய்ப் பாரு, நிக்கிற வரிசை கிளியர் ஆகவே ஆகாது. இப்போ உங்க காலத்துல லைன் இல்லன்னா போன் பேசல. எங்க காலத்துல லைன் இல்லன்னா வீடே இல்ல.

விடியக்காலையில பேர் கூப்பிடுற இடத்துக்குப் பெரட்டுன்னு பேரு. பரேடுன்னு தொரை சொன்னதை நாம பெரட்டின பெரட்டு அது. வயித்தைப் பெரட்டுதுன்னு சொல்லிட்டுப் பெரட்டுக்குப் போகாமப் படுத்தவனும் உண்டு. இங்கிலீசுல மட்டுமா ரெட்டை அர்த்தம்? நம்மளோடதும் சும்மா இல்ல. தமிழ்நாட்டுலேர்ந்து வந்த சொந்தக்காரர்கிட்ட, 'காலம் பூரா மரம் வெட்டினேன்'னு சொன்னேன். 'அடப்பாவி, காடு ஏதாவது மிச்சம் இருக்கா?'ன்னாரு. பால்மரத்துப் பட்டையை உளி வச்சுக் கீறுறதத்தான் இங்க வெட்டுன்னு சொல்றோம்னு விளக்குறதுக்குள்ள கோப்பி ஆறிப் போச்சு. 'பாலை லாரியில ஏத்துவோம்'னதும், அத்தனை மாடு எங்க கட்டியிருந்தீங்கன்னு ஆரம்பிச்சாரு. 'கிலோவுக்கு ரெண்டு வெள்ளி'ன்னேன். கிழமையா நகையான்னாரு. அதுக்கு மேல நான் பேசல. இங்கிலீசுல எங்க வேலைக்கு டாப்பிங்னு பேரு. இப்போ பேப்பர்ல 'போன் டாப்பிங்'னு போடுறான். போனையும் கீறி அடியில மங்கு கட்டி வச்சிருப்பான் போல. சொட்டுறதை எந்த கிராணி நிறுத்துக் கணக்கு எழுதுறானோ.

ரப்பருங்கிற பேரே ஒரு வேடிக்கை. 1770-ல ஜோசப் பிரீஸ்ட்லின்னு ஒரு விஞ்ஞானி, இந்தப் பொருளு பென்சில் எழுத்தைத் தேய்ச்சு அழிக்குதுன்னு எழுதி வச்சான். தேய்க்கிறதுக்கு இங்கிலீசுல 'ரப்'. அதுலேர்ந்து ரப்பர். டயரும் இல்ல, செருப்பும் இல்ல, பள்ளிக்கூடத்துப் பையன் தப்பை அழிக்கிற துண்டுதான் அதுக்குப் பேரு குடுத்துச்சு. 1877-ல 22 கன்னு சிங்கப்பூருக்கு வந்து, அதுல ஒன்பதை நம்ம கோலாகங்சார்ல நட்டாங்க. ஒரு மரம் இன்னும் அங்க நிக்குது, வேலி போட்டு வச்சிருக்கான். அந்த மரத்தோட வம்சத்தை நம்பித்தான் நம்ம வம்சமும் கப்பல் ஏறி வந்துச்சு. அழிக்கிறதுக்குன்னு பேரு வாங்கின பொருளு எத்தனை பேரை வாழ வச்சுதுன்னு பாத்துக்கோ. எத்தனை பேரை அழிச்சுதுன்னும் பாத்துக்கோ, அதுவும் கணக்குல உண்டு.

நீ நாளைக்கு அமெரிக்காக்காரன் கம்பெனிக்குப் போனா, 'எங்க தாத்தா ஆயுசு பூரா ரப்பர்லதான் வேலை'ன்னு பெருமையாச் சொல்லி வைக்காதே. அவன் ஊர்ல ரப்பர்னா குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆம்பிளைங்க போடுற சாமான். 'தாத்தாவுக்கு எத்தனை புள்ளைங்க?'ன்னு கேப்பான். 'ஒன்பது'ன்னு சொல்லுவே. சரக்கு சரியில்ல போலன்னு நெனைப்பான். ஆனா அந்தச் சரக்குலயும் உலகத்துலேயே பெரிய கம்பெனி நம்ம மலேசியாவோட காரெக்ஸ்தான். அதுவும் பால்தானே.

சாமான்னு சொன்னதும் ஞாபகம் வருது. சம்மன்ஸ் மலாய்க்குப் போயி 'சமான்' ஆயிருச்சு. வேகமா மோட்டார் ஓட்டினா போலீஸ் வீட்டுக்கு அனுப்புற காகிதம். உங்க சித்தப்பன் போன் போட்டு, 'அம்மா, எனக்கு சமான் வந்திருக்கா?'ன்னு கேட்டான். உங்க பாட்டி திண்ணையைக் கூட்டிப் பெருக்கி, பெரிய மூட்டையா வந்தா வைக்கிறதுக்கு இடம் பண்ணி வச்சிருந்தா. வந்தது ஒரு கவர். அதுக்குள்ள 'ஃபைன்'னு போட்டிருக்கு. எல்லாம் ஃபைன்னா நல்ல சேதிதானேன்னு மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சுட்டா. நாலு மாசம் கழிச்சுதான் எடுத்தோம்.

சரி, வெள்ளைக்காரனுக்கு நம்ம பாஷை என்ன பாடு படுத்துச்சுன்னும் கேளு, இல்லன்னா ஒருபக்கமாப் பேசினதா ஆயிரும். தோட்டத்துக்கு வர்ற சின்னத் தொரை தமிழ் படிச்சுப் பரீட்சை எழுதணும். பிளாண்டர்ஸ் சங்கம்னு 1919-ல ஆரம்பிச்சாங்களே, அவங்கதான் பரீட்சை வைப்பாங்க. அதுக்கு முன்னாடியே, 1915-ல, சிலோன்ல வெல்ஸ்னு ஒருத்தர் 'கூலித் தமிழ்'னு தொரைமாருக்காகவே ஒரு புத்தகம் போட்டிருக்காரு. பேரைக் கவனிச்சியா? கூலிக்குன்னு ஒரு தமிழ் தனியா இருந்துச்சாம். அப்படிப் படிச்சு வந்த ஒரு சின்னத் தொரையைப் பத்தி எங்க காலத்துல ஒரு கதை சொல்லுவாங்க. நிஜமோ, கள்ளுக்கடையில பொறந்ததோ. பெரட்டுல ஒருத்தனைக் காணோம். எங்கேன்னாரு. 'கொல்லைக்குப் போயிருக்கான் தொரே'ன்னாரு மண்டோர். தொரை புத்தகத்துல 'கொள்ளை'யைப் படிச்சிருக்காரு, லகரம் ளகரம் அவரு காதுக்கு ஒண்ணுதான். ஓடிப்போய்த் துப்பாக்கியை எடுத்துட்டு வந்துட்டாரு. 'எந்தப் பக்கம்?'னு கேட்டா, எல்லாரும் ஓடைப் பக்கம் கையைக் காட்டுறாங்க. புதருக்குப் பின்னால குந்தியிருந்தவன் தொரையையும் துப்பாக்கியையும் பாத்துட்டு ஓடினான் பாரு, அதுக்கப்புறம் அவன் பெரட்டுக்கு ஒருநாளும் லேட்டா வந்ததில்லையாம்.

நீ சொல்லுவே, அகராதியைப் பாத்துக்கிறேன் தாத்தான்னு. பாரு. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட 1989 பதிப்புல 'செட்'டுங்கிற மூணெழுத்துக்கு 430 அர்த்தம். அப்புறம் திருத்தி எழுதுறப்ப 'ரன்' முந்திக்கிச்சு, 645-ஆம். தண்ணி ரன் ஆகுது, மூக்கு ரன் ஆகுது, எலெக்சன்ல ரன் ஆகுறான், கம்பெனி ரன் ஆகுது, கம்பெனி முதலாளியும் ஒருநாள் ரன் ஆயிடுறான். எதுக்கு ஓடுறான்னு அகராதி சொல்லாது. அதை வேலைக்காரன்தான் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

ஏன்னா, எந்த அர்த்தம்னு முடிவு பண்றது அகராதி இல்லப்பா. காகிதம் யாரு கையில இருக்கோ அவன். சந்தேகம்னா இங்கேர்ந்து லுமுட்டுக்குப் போ, படகு ஏறி பங்கோர் தீவைப் பாரு. அந்தத் தீவுக்குப் பக்கத்துக் கடல்லதான், 1874 ஜனவரி 20-ம் தேதி, புளூட்டோங்கிற கப்பல்ல வச்சு கவர்னர் ஆண்ட்ரூ கிளார்க் பேராக் தலைவருங்ககிட்டக் கையெழுத்து வாங்கினான். பங்கோர் ஒப்பந்தம்னு பள்ளிக்கூடத்துல தேதி மனப்பாடம் பண்ணியிருப்பே. தேதியை விடு. அதுல ஒரு வார்த்தை இருக்கு: 'அட்வைஸ்'.

சுல்தானுக்கு ஒரு வெள்ளைக்கார ரெசிடெண்ட் வருவாரு, சுல்தான் அவருகிட்ட அட்வைஸ் கேப்பாரு. கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! அட்வைஸ்னா என்னா? நான் குடுக்குறது அட்வைஸ். நீ கேட்டாலும் கேக்கலாம், போடா கிழவான்னுட்டும் போகலாம். உங்க பாட்டிக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து அட்வைஸ் குடுக்குறேன், ஒண்ணையாவது கேட்டிருப்பாளா? ஆனா அந்த இங்கிலீசுக் காகிதத்துல, மலாய்க்காரங்க மதமும் வழக்கமும் தவிர மத்த எல்லா விசயத்துலயும் அந்த அட்வைஸைக் கேட்டே ஆகணும், கேட்டபடி செஞ்சே ஆகணும்னு எழுதியிருக்கு. செஞ்சே ஆகணும்னா அதுக்குப் பேரு அட்வைஸா? தோட்டத்துல நாங்க அதை உத்தரவுன்னுவோம். மலாய் வாசகத்தைத் தயார் பண்ணினது ஃபிராங்க் சுவெட்டென்ஹாம். அப்போ அவனுக்கு 23 வயசு, உன் வயசுதான். இங்கிலீசுல இருந்த அழுத்தம் மலாய்ல அவ்வளவா இல்லன்னு வரலாறு படிச்சவங்க சொல்றாங்க. ஒரே காகிதம். தலைவருங்க ஒரு அர்த்தத்துல கையெழுத்துப் போட்டாங்க, கவர்னர் இன்னொரு அர்த்தத்துல பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டான்.

முதல் ரெசிடெண்டா வந்தவரு ஜே.டபிள்யூ.டபிள்யூ. பெர்ச். சிலோன்ல பல வருசம் வேலை பாத்தவரு, அங்க கத்துக்கிட்ட அதிகாரத்தோட வந்தாரு. மலாய் பேசத் தெரியாது. வரி வசூல் இனிமே நான் சொல்றபடின்னாரு. எல்லாம் அட்வைஸ்தான். 1875 நவம்பர் 2-ம் தேதி பாசிர் சாலாக்ல, ஆத்துல மிதக்கிற குளிக்கிற கொட்டகையில வச்சு அவரைக் குத்திக் கொன்னுட்டாங்க. அந்தக் கொலைக்காக மகாராஜா லேலாங்கிற பேராக் தலைவரை 1877-ல தூக்குல போட்டாங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட சுல்தான் அப்துல்லாவை சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்திட்டாங்க. வரி, அடிமைங்க, பதவிச் சண்டைன்னு காரணம் பல இருந்துச்சு, வார்த்தை ஒண்ணை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஆனாலும் கணக்கைப் பாரு: அட்வைஸை மலாய்ல எழுதினவரு பேர்ல ஒரு துறைமுகம், போர்ட் சுவெட்டென்ஹாம். இப்போ அதைப் போர்ட் கிளாங்குன்னு மாத்திட்டாங்க. அட்வைஸ் கேக்குறேன்னு கையெழுத்துப் போட்டவருக்கு அந்தமான் மாதிரி ஒரு தீவு.

அதனால உன் ஆபீஸ்ல மேனேஜரு 'ஐ வுட் அட்வைஸ் யூ'ன்னு ஆரம்பிச்சா, தலையாட்டிக்கிட்டு யோசிக்கிறேன் சார்னு சொல்லிட்டு வராதே. அது பங்கோர் அட்வைஸ். கடுதாசி முடிவுல 'ப்ளீஸ் அட்வைஸ்'னு வந்தா அவனுக்கு ஒண்ணும் புரியல, உன் தலையில கட்டுறான்னு அர்த்தம். பேங்குல 'பேமெண்ட் அட்வைஸ்'னு ஒரு காகிதம் வந்தா, அது ஒண்ணுதான் நல்ல அட்வைஸ். பணம் வந்திருக்கு. அதைத் திருப்பிக் கேள்வி கேக்காதே.

டாக்டர் சீட்டு வாங்கி எம்.சி. எடுக்காதே. எடுக்கணும்னா மழை நாள்ல எடு, வெள்ளிக்கிழமை எடுத்தா கண்டுபிடிச்சிருவான். கல்யாண வீட்டுல மைக்கு புடிக்கிறவனையும் எம்.சி.ன்னுதான் சொல்றான். உன் கூட்டாளி ஒருத்தன் ஆபீஸுக்கு எம்.சி. போட்டுட்டுக் கல்யாணத்துல எம்.சி. பண்ணி, அந்தக் கல்யாணத்துக்கு மேனேஜரும் வந்து முன்வரிசையில உக்காந்திருந்த கதை உனக்கே தெரியும். ஓவர்டைம், அதான் ஓ.டி., செய். ஆனா வீட்டுல சொல்றப்ப தமிழ்ல சொல்லு. உங்கப்பன் ஒருதரம் 'ஓ.டி.யில இருக்கேன், வர ராத்திரியாகும்'னு சேதி அனுப்பினான். ஆபரேசன் தியேட்டர்னு நெனச்சு உங்கம்மா காளியம்மனுக்குக் கோழி நேர்ந்துக்கிட்டா. அவன் முழுசா வந்து நின்னதும் கோழியை என்ன பண்றதுன்னு ஒரு வாரம் பஞ்சாயத்து. சாமிக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான்.

தெரியாத வார்த்தை வந்தா வெக்கப்படாதே. மூஞ்சியை எங்க மாதிரி வச்சுக்கோ. தொரை திட்டினா புரியாது, சம்பளம்னா புரியும், அந்த மூஞ்சி. அது மூணு தலைமுறை சொத்து, காலேஜுல கிடைக்காது. 'சார், எனக்கு இங்கிலீசு கொஞ்சம் கம்மி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க'ன்னு கேளு. எழுதச் சொன்னதும் பாதி வார்த்தை தானா இளைச்சுப் போகும்.

ஒரு வார்த்தை மட்டும் எழுதிக் குடுத்தாலும் இளைக்காது. அதைச் சொல்லிடுறேன்.

எங்க தோட்டத்தை வித்தப்ப, முதல்ல 'லே ஆஃப்'னாங்க. எங்களுக்கு ஆஃப்னா லீவு. ஞாயித்துக்கிழமை ஆஃப், தீபாவளிக்கு ஆஃப். பெரிய லீவா இருக்கும்னு நாலு பேரு பத்துமலைக்குப் போகத் திட்டம் கூடப் போட்டாங்க. அப்புறம் 'பெனிஃபிட்'னாங்க. 1980-ல போட்ட விதி அது: ரெண்டு வருசத்துக்குக் குறைவா வேலை செஞ்சவனுக்கு வருசத்துக்கு 10 நாள் கூலி, அஞ்சு வருசத்துக்குள்ளன்னா 15 நாள், அதுக்கு மேலன்னா 20 நாள். முப்பது வருசம் வெட்டினவனுக்கு 600 நாள் கூலி. வேலை போறதுக்குப் பேரு பெனிஃபிட். நாங்க அதையும் எண்ணி வாங்கிக்கிட்டோம், சட்டம் குடுக்கிற காசுதானே.

பிறகு வந்துச்சு வக்கீல் கடுதாசி. 'வேக்கண்ட் பொசெசன்' குடுக்கணுமாம். கிராணி வாசிச்சாரு. வேக்கண்ட்னா காலின்னாரு. வீடு காலியா இல்லையே, உள்ள நாங்க இருக்கோமே, அடுப்பு எரியுது, கோழி கூவுது, உங்க பெரிய அத்தை பிரசவத்துக்கு வந்திருக்கான்னோம். பொசெசன்னா கைவசம்னாரு. எங்க பூசாரி அதுக்குள்ள புகுந்து, பேய் புடிக்கிறதுக்கும் இங்கிலீசுல பொசெசன்தான்னு எவனோ சொன்னதை எடுத்து விட்டாரு. காலியாப் பேய் புடிக்கிறது எப்படின்னு கொஞ்சநேரம் பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தோம். அன்னிக்குச் சிரிப்பு வந்துச்சுப்பா, என்ன பண்றது.

சிரிச்சு முடிச்சப்புறம் கிராணி அடுத்த வரியை வாசிச்சாரு. போகலன்னா நாங்க 'ஸ்குவாட்டர்'. அதுக்கு என்ன அர்த்தம்னா, குந்தியிருக்கிறவன். எங்கப்பா பொறந்த லயம், நான் பொறந்த லயம். அதுல நாங்க குந்தியிருக்கோமாம். காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டுல நின்னு, நெரைக்கு நெரை நின்னு வெட்டி, காண்டா வாளியைத் தோள்ல வச்சு ஸ்டோர்ல வரிசையில நின்னு பால் ஊத்தின எங்களைப் பாத்து. குந்தறதுக்கு எங்கேப்பா நேரம் இருந்துச்சு?

இடம் செம்பனைக்குப் போச்சு, பிறகு அதுல கொஞ்சம் வீடமைப்புக்குப் போச்சு. லயத்துலேர்ந்து வந்த எல்லாரும் இப்படி அப்படி ஆயர் தாவார்லயும் சித்தியவான்லயும் ஒதுங்கிட்டோம். ஒருத்தர், எங்களோட வெட்டினவர், மிச்சம் பிடிச்சு ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தாரு. அவரு போய்ச் சேர்ந்ததும் அவரு சம்சாரத்துக்கு நிலம் ஆபீஸ்லேர்ந்து கடுதாசி. 1955-ல போட்ட சட்டத்துப்படி, செத்தவரோட 'ஸ்மால் எஸ்டேட்' விசயமா வரணும்னு. அந்தம்மா நேரா என்கிட்ட வந்துருச்சு. 'அண்ணே, அவரு ஆயுசு பூரா எஸ்டேட்டுல வெட்டினாரு. அவருக்கே ஒரு எஸ்டேட் இருந்திருக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே, வேற குடும்பம் ஏதாச்சும் வச்சிருந்தாரா?' செத்தவன் விட்டுட்டுப் போற சொத்துக்கும் இங்கிலீசுல எஸ்டேட்னுதான் பேருன்னு விளங்க வச்சேன். ஒத்துக்கல. ரெண்டு மில்லியன் வெள்ளி வரைக்கும் சட்டத்துல 'சின்ன' எஸ்டேட்டாத்தான் ரொம்ப நாளா இருந்துச்சுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லிட்டாரு. அந்தம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடிப் போச்சு. நல்ல சேலை கட்டிக்கிட்டுத்தான் விசாரணைக்கு வந்துச்சு. அங்க உக்காந்திருந்த ஆபீசரைப் பாத்து முதல் கேள்வி, 'அந்த எஸ்டேட்டுக்கு கிராணி யாருங்க?'

நீ சம்பாதிச்சு வீடு வாங்குவே. வாங்கணும். தாமான் வீடுன்னா சாவி குடுக்க ரெண்டு வருசம், அடுக்குமாடி வீடுன்னா மூணு வருசம்னு ஒப்பந்தத்துல இருக்கும். சாவி குடுக்கிற அன்னிக்கு டெவலப்பர் ஒரு கடுதாசி அனுப்புவான். நல்லாப் படி. அதுலயும் 'வேக்கண்ட் பொசெசன்'னுதான் போட்டிருக்கும். பயப்படாதே. இந்தத் தடவை நீ சாவி வாங்குற பக்கம். ஸ்வீட்டு வாங்கி எல்லாருக்கும் குடு.

அன்னிக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. அதுக்கு முன்னாடி அந்தத் தாமான் எந்தத் தோட்டத்து மேல கட்டினதுன்னு மட்டும் விசாரிச்சு வை. கதவைத் தொறந்து உள்ள போறப்ப யாராவது கிழவன் நடுவீட்டுல குந்தியிருந்தான்னா, நீ போலீஸைக் கூப்பிடாதே. அவருகிட்ட நான் பேசிக்கிறேன். அனேகமா எனக்குத் தெரிஞ்ச ஆளாத்தான் இருப்பாரு.